பகா எண்களும் பகாக் காரணிப்படுத்தலும்: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

91 பகா எண்ணா, பகு எண்ணா? கணக்கு வகுப்பில் ஆண்டுதோறும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பெரும்பாலான மாணவர்கள் அதைப் பகா எண் என்றே சொல்வார்கள். அது இரட்டை எண் இல்லை, ஐந்தில் முடியவில்லை, இலக்கங்களின் கூடுதல் 10 ஆகையால் 3-ஆலும் வகுபடாது. அத்துடன் தேடலை முடித்துக்கொள்வார்கள். இன்னும் ஒரே ஒரு படி போயிருந்தால் 7 × 13 = 91 என்பது கண்ணில் பட்டிருக்கும். அதே வகுப்பில் 97-ஐக் கொடுத்தால், வேறு சிலர் 2, 3, 5, 7, 11, 13 என்று தொடங்கி 47 வரை விடாமல் வகுத்துப் பார்ப்பார்கள். 7-உடன் நிறுத்தியிருக்கலாம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் கூட்டம் வேண்டிய இடத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. இரண்டாம் கூட்டத்துக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. வகுத்தல் இருவருக்குமே நன்றாகத் தெரியும். ஆகவே, இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் எதைச் செய்வது என்பதோடு, எந்த இடத்தில் நிறுத்தலாம், அங்கே நிறுத்துவது ஏன் சரி என்பதையும் சேர்த்தே விளக்குகிறேன்.

பெயரே சொல்லும் பொருள்

பகு என்றால் பிரி. பிரிக்கக் கூடியது பகு எண், பிரிக்க முடியாதது பகா எண். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய பாகுபாடுதான்: ‘நடந்தான்’ என்பது பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரியும் பகுபதம், ‘நிலம்’ என்பது அவ்வாறு பிரியாத பகாப்பதம். சொல்லுக்குச் செய்ததையே எண்ணுக்கும் செய்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் இதை முதன்மை எண் என்பார்கள். அந்தப் பெயரும் பொருத்தமானதே, ஏனெனில் மற்ற எண்கள் எல்லாம் இவற்றிலிருந்துதான் உருவாகின்றன.

கையில் 12 புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு தரையில் செவ்வகமாக அடுக்கிப் பாருங்கள். இரண்டு வரிசையில் ஆறாறாக அடுக்கலாம், மூன்று வரிசையில் நான்கு நான்காக அடுக்கலாம், ஒரே வரிசையாகவும் நீட்டி வைக்கலாம். இன்னும் ஒரு கொட்டையைச் சேர்த்து 13 ஆக்கிவிட்டால், ஒரே வரிசையாக நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாக அடுக்கினாலும் மூன்றாக அடுக்கினாலும் நான்காக அடுக்கினாலும் ஒரு கொட்டை மிஞ்சும், ஐந்தாக அடுக்கினால் மூன்று மிஞ்சும். 1-ஐவிடப் பெரிய ஓர் இயல் எண்ணுக்கு 1, அந்த எண் ஆகிய இரண்டு காரணிகள் மட்டுமே இருந்தால் அது பகா எண். இரண்டுக்கு மேற்பட்ட காரணிகள் இருந்தால் அது பகு எண்.

1 இந்த இரண்டிலும் சேராது. இதை வெறும் விதியாக மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை, காரணம் எளிமையானது. 6-ஐ 2 × 3 என்று எழுதுகிறோம். 1-ஐயும் பகா எண்ணாக ஏற்றுக்கொண்டால் 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று ஒரே எண்ணை முடிவில்லாத வகைகளில் எழுத வேண்டிவரும். ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு பகாக் காரணி வடிவம்தான் உண்டு என்ற அரிய பண்பு அத்துடன் போய்விடும். அதைக் காப்பாற்றவே 1-ஐ வெளியே வைத்திருக்கிறார்கள்.

முதற்படி: சல்லடை

பகா எண்களைத் திரட்டுவதற்குக் கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரட்டோஸ்தனிஸ் பெயரால் வழங்கும் சல்லடை முறையே இன்றும் சிறந்த தொடக்கம். அதை ஒருமுறையாவது காகிதத்தில் கையால் செய்து பார்த்துவிடுங்கள்.

2 முதல் 100 வரை எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் 99 எண்கள். 2-ஐ வட்டமிட்டு, 4, 6, 8 என்று அதன் மற்ற மடங்குகளை எல்லாம் அடியுங்கள்; 49 எண்கள் போய்விடும். அடுத்து அடிபடாமல் நிற்கும் 3-ஐ வட்டமிட்டு அதன் மடங்குகளை அடியுங்கள். 6 ஏற்கெனவே போய்விட்டதால் 9-லிருந்து தொடங்கினால் போதும். புதிதாக அடிபடுபவை 9, 15, 21, 27 என்று 99 வரை 16 எண்கள். அடுத்து 5. இதற்கு 10, 15, 20 எல்லாம் முன்பே அடிபட்டுவிட்டன, ஆகவே 25-இல் தொடங்குகிறோம். 25, 35, 55, 65, 85, 95 என்ற ஆறு எண்கள் மட்டுமே புதியவை. அடுத்து 7, தொடக்கம் 49. இங்கே கவனியுங்கள்: 7 புதிதாக அடிப்பது 49, 77, 91 என்ற மூன்றே எண்களை. 49 வாய்ப்பாட்டிலேயே இருக்கிறது, 77-ஐப் பார்த்ததும் தெரியும், மிஞ்சுவது 91. நூற்றுக்குள் மாணவர்களை ஏமாற்றும் எண் இதுவாகவே இருப்பதன் காரணம் இதுதான்.

அடுத்த பகா எண் 11. அதன் 22, 33, 44, 55, 66, 77, 88, 99 எல்லாமே சிறிய பகா எண்களால் ஏற்கெனவே அடிபட்டவை. 11 முதன்முதலாக ஏதாவது புதிய எண்ணை அடிக்க வேண்டுமென்றால் அது 11 × 11 = 121-ஆகத்தான் இருக்க முடியும்; அதுவோ நம் அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. ஆகவே 7-உடன் நிறுத்துகிறோம். 49, 16, 6, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 74. 99-லிருந்து கழித்தால் 25. மிஞ்சிய அந்த 25-உம் பகா எண்கள்:

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97.

பத்துப் பத்தாக எழுதுவதற்குப் பதிலாக, 1 முதல் தொடங்கி வரிசைக்கு ஆறு எண்களாக எழுதினால் இன்னொன்றும் தெரியும். 2, 3 நீங்கலாக எல்லாப் பகா எண்களும் முதல் பத்தியிலும் ஐந்தாம் பத்தியிலும் மட்டுமே வந்து நிற்கும். இரண்டாம், நான்காம், ஆறாம் பத்திகள் முழுவதும் இரட்டை எண்கள்; மூன்றாம் பத்தி முழுவதும் 3-இன் மடங்குகள். ஆனால் முதலிலும் ஐந்திலும் இருப்பவை எல்லாம் பகா எண்கள் அல்ல. 25, 35, 49, 91 ஆகியவையும் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டாம் படி: ஒரு தனி எண்ணைச் சோதித்தல்

சல்லடையில் பார்த்த அதே நியாயம் ஒரு தனி எண்ணுக்கும் பொருந்தும். ஓர் எண் a × b என்று பிரிந்தால், a-யும் b-யும் இரண்டுமே அந்த எண்ணின் வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருக்க முடியாது. அப்படி இருந்தால் அவற்றின் பெருக்கற்பலன் அந்த எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு பகு எண்ணுக்கு அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணியாவது கட்டாயம் இருக்கும். அந்த எல்லை வரை இருக்கும் பகா எண்கள் எவற்றாலும் வகுபடவில்லை என்றால், அதற்கு மேல் தேடவே வேண்டாம்.

397-ஐ எடுத்துக்கொள்வோம். 19 × 19 = 361, 23 × 23 = 529. எனவே 19 வரை பார்த்தால் போதும். 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாது என்பது பார்த்ததும் தெரிகிறது. 7-ஆல் வகுத்தால் மீதி 5. 11-ஆல் வகுத்தால் மீதி 1. 13-ஆல் வகுத்தால் மீதி 7. 17-ஆல் வகுத்தால் மீதி 6. 19-ஆல் வகுத்தால் மீதி 17. எதிலும் மீதி 0 வரவில்லை; 397 பகா எண். இதே முறையில் 323-ஐச் சோதித்தால் 13 வரை ஒன்றும் அகப்படாது. அங்கே சலித்துப்போய்ப் பகா எண் என்று எழுதிவிட்டால் தவறு. 17 × 17 = 289, அது 323-க்குள் அடங்குகிறது, ஆகவே 17-ஐயும் சோதித்தே ஆக வேண்டும்; சோதித்தால் 17 × 19 = 323. எல்லையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு வகுக்கத் தொடங்குவது இந்தத் தவறைத் தடுக்கும்.

வகுக்காமலே வகுபடுதலை அறிதல்

2, 5 ஆகியவற்றுக்குக் கடைசி இலக்கம் போதும். 3-க்கு இலக்கங்களின் கூடுதல் போதும்; 10, 100, 1000 எல்லாமே 9-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலானவை என்பதால், ஓர் எண்ணை 3-ஆல் வகுத்தால் வரும் மீதியும் அதன் இலக்கங்களின் கூடுதலை வகுத்தால் வரும் மீதியும் ஒன்றாகவே இருக்கும். 11-க்கு வலப்புறத்திலிருந்து இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும். 8,316-இல் 6 − 1 + 3 − 8 = 0; ஆகவே அது 11-ஆல் மீதியின்றி வகுபடும்.

7-உம் 13-உம்தான் பலருக்கும் சிக்கல். இவற்றுக்கு என் பரிந்துரை 1001. ஏனென்றால் 7 × 11 × 13 = 1001; ஒரே சோதனையில் மூன்று பகா எண்களையும் பார்த்துவிடலாம். 4,37,927 என்ற எண்ணைப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கங்கள் 927, அவற்றுக்கு முன்னால் இருப்பவை 437. 927-லிருந்து 437-ஐக் கழித்தால் 490. அந்த 490 எதனால் வகுபடுகிறதோ, இந்த மூன்று பகா எண்களைப் பொறுத்தவரை, மூல எண்ணும் அதனால் வகுபடும். 490 = 7 × 70; 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. ஆகவே 4,37,927-உம் 7-ஆல் வகுபடும், ஈவு 62,561. இதன் உள்விவரம் ஒன்றும் மறைவானது அல்ல: 4,37,927 என்பது 437 × 1001 + 490. முதல் உறுப்பு 7-ஆல் தானாகவே வகுபடுவதால், 490 மட்டுமே நாம் பார்க்க வேண்டியதாக மிஞ்சுகிறது.

மூன்றாம் படி: பகாக் காரணிப்படுத்துதல்

பள்ளியில் இதற்கு இரண்டு முறைகளைக் கற்பிக்கிறார்கள். காரணிச் செடி முறையில் எண்ணை ஏதாவது இரண்டு காரணிகளாகப் பிரித்து, அவற்றையும் மேலும் பிரித்து, எல்லாக் கிளை நுனிகளிலும் பகா எண் வரும் வரை தொடர வேண்டும். வகுத்தல் முறையில் மிகச் சிறிய பகா எண்ணில் தொடங்கி, ஒவ்வொன்றாலும் இயன்றவரை வகுத்துக்கொண்டே வர வேண்டும். சிறிய எண்களுக்குச் செடி அழகாக இருக்கும். ஆனால் கிளைகள் பெருகும்போது 51-ஐயோ 57-ஐயோ பகா எண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதனால் நான் வகுத்தல் முறையையே விரும்புகிறேன்.

8,316-ஐ அந்த முறையில் பிரிப்போம். 2-ஆல் வகுத்தால் 4,158. மறுபடியும் 2-ஆல் வகுத்தால் 2,079. இது ஒற்றை எண், ஆகவே 2 முடிந்தது. 2 + 0 + 7 + 9 = 18, எனவே 3-ஆல் வகுபடும்: 693. மீண்டும் 3-ஆல்: 231. மீண்டும் 3-ஆல்: 77. இதன் இலக்கங்களின் கூடுதல் 14, ஆகவே 3 முடிந்தது. 5-ஆல் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் 11. அது பகா எண். எனவே 8,316 = 2² × 3³ × 7 × 11. முடித்தவுடன் பெருக்கிச் சரிபார்க்க மறக்காதீர்கள்: 4 × 27 = 108, 7 × 11 = 77, 108 × 77 = 8,316. அரை நிமிட வேலை. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த அரை நிமிடத்தை விட்டதால்தான்.

இங்கே நிறுத்தும் எல்லை நிலையாக நிற்பதில்லை, அது நம்முடனே சுருங்கிக்கொண்டு வருகிறது. 1,194-ஐப் பாருங்கள். அதன் வர்க்கமூலம் 34-க்கும் 35-க்கும் இடையில் இருக்கிறது, ஆகவே 31 வரை சோதிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் 2-ஆலும் 3-ஆலும் வகுத்துவிட்டால் மிஞ்சுவது 199. இனி நமக்கு வேண்டிய எல்லை 199-இன் வர்க்கமூலம்தான். 17 × 17 = 289 என்பது 199-ஐத் தாண்டிவிடுவதால், 5, 7, 11, 13 ஆகிய நான்கை மட்டும் பார்த்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை; 199 பகா எண்; 1,194 = 2 × 3 × 199. ஒவ்வொரு முறையும் ஈவு சிறுத்ததும், அந்தப் புதிய ஈவுக்கே எல்லையைக் கணக்கிடுங்கள்.

சிறிய காரணிகளே இல்லாத எண்களில் வகுத்தல் முறை மிகவும் மெதுவாகிவிடும். 5,963-ஐ எடுத்துக்கொண்டால் 2-இல் தொடங்கி 61 வரை பதினெட்டுப் பகா எண்களும் தோற்று, பத்தொன்பதாவதான 67-இல்தான் விடை கிடைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் வழக்கறிஞராக வாழ்ந்த ஃபெர்மா இதற்கு வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், a² − b² = (a − b)(a + b) என்ற முற்றொருமை காரணிகளை நேராகக் கொடுத்துவிடும். 5,963-ஐவிடப் பெரிய முதல் வர்க்கம் 78² = 6,084. அதிலிருந்து 5,963-ஐக் கழித்தால் 121, அதாவது 11². ஆகவே 5,963 = (78 − 11)(78 + 11) = 67 × 89. பத்தொன்பது வகுத்தல்கள் செய்ய வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கழித்தல். இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் மட்டுமே இது இவ்வளவு விரைவாக அமையும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபெர்மா 2,02,76,51,281 என்ற எண்ணை இந்த வழியில்தான் 44,021 × 46,061 என்று பிரித்துக் காட்டினார்.

ஒரே ஒரு வடிவம்தான் என்று எப்படி நம்புவது?

360-ஐ ஒருவர் 36 × 10 என்று தொடங்கலாம், இன்னொருவர் 8 × 45 என்று தொடங்கலாம்; இருவருமே 2³ × 3² × 5 என்ற இடத்தில்தான் வந்து சேர்வார்கள். 1-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இயல் எண்ணையும் பகா எண்களின் பெருக்கற்பலனாக, வரிசை மாற்றத்தைத் தவிர, ஒரே ஒரு வகையில் மட்டுமே எழுத முடியும். இதுவே எண்ணியலின் அடிப்படைத் தேற்றம். ஜெர்மானியக் கணிதவியலர் காஸ் 1801-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகக் கூறி நிறுவினார்.

இதில் நிறுவ என்ன இருக்கிறது, இது தானாகவே உண்மைதானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரட்டை எண்கள் மட்டுமே இருக்கும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்துபாருங்கள். அங்கே 3 கிடையாது, 9 கிடையாது. ஆகவே 6-ஐப் பிரிக்க முடியாது, 18-ஐயும் பிரிக்க முடியாது, 2-ஐயும் பிரிக்க முடியாது; மூன்றுமே அந்த உலகத்தின் பகா எண்கள். ஆனால் அங்கே 36 = 6 × 6, அதே 36 = 2 × 18. ஒரே எண் இரண்டு வகைகளில் பிரிந்துவிட்டது! நம் எண்களில் இது நடக்காமல் இருப்பதற்குக் காரணம் பண்டைக் கிரேக்கக் கணிதவியலர் யூக்ளிட் காட்டிய ஒரு பண்பு: ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கற்பலனை வகுத்தால், அந்த இரண்டில் ஒன்றையாவது அது வகுத்தே தீரும். பகு எண்ணுக்கு இந்தப் பண்பு இல்லை. 6 என்பது 4 × 9-ஐ வகுக்கும், ஆனால் 4-ஐயும் வகுக்காது, 9-ஐயும் வகுக்காது.

பிரித்த பின் கிடைப்பவை

8,316 = 2² × 3³ × 7 × 11 என்ற ஒரு வரி கையில் இருந்தால், அந்த எண்ணைப் பற்றிப் பல கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கிறது. அதற்கு எத்தனை காரணிகள்? ஒரு காரணியை உருவாக்க 2-ஐ 0, 1, 2 என மூன்று வகைகளிலும், 3-ஐ நான்கு வகைகளிலும், 7-ஐ இரண்டு, 11-ஐ இரண்டு வகைகளிலும் எடுக்கலாம். ஆகவே 3 × 4 × 2 × 2 = 48 காரணிகள். அது முழு வர்க்கமா? இல்லை, ஏனெனில் 3, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகள் ஒற்றை எண்கள். எந்த மிகச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கம் ஆகும்? 3 × 7 × 11 = 231. பெருக்கினால் 19,20,996, அது 1,386-இன் வர்க்கம்.

இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிக்குப் பொதுவான பகா எண்களைச் சிறிய அடுக்குடன் எடுக்க வேண்டும். மீச்சிறு பொது மடங்குக்கு எல்லாப் பகா எண்களையும் பெரிய அடுக்குடன் எடுக்க வேண்டும். பிரபவ முதல் அட்சய வரை உள்ள அறுபது ஆண்டுச் சுழற்சியில் இதைக் காணலாம்: வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் ஒரு சுற்று, சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளில் ஒரு சுற்று. 12 = 2² × 3, 30 = 2 × 3 × 5; மீ.சி.ம 2² × 3 × 5 = 60. அறுபது ஆண்டுகளில் வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடிக்கின்றன. பொதுக் காரணி எதுவும் இல்லாவிட்டால் மீ.சி.ம மிகப் பெரிதாகிவிடும். வட அமெரிக்காவில் 13 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் 17 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மண்ணிலிருந்து வெளிவரும் சிள்வண்டுக் கூட்டங்கள் இருக்கின்றன. அத்தகைய குறிப்பிட்ட இரண்டு கூட்டங்கள் 1803-க்குப் பிறகு 2024-இல்தான் ஒரே ஆண்டில் வெளிவந்தன. இடைவெளி 221 ஆண்டுகள், அதாவது 13 × 17.

மீ.பெ.கா மட்டும் வேண்டுமென்றால், பெரிய எண்களைக் காரணிப்படுத்தச் சிரமப்படாதீர்கள். இரண்டு எண்களையும் ஒன்று பொதுவாக வகுக்குமானால், அது அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். 2,189, 2,200 ஆகியவற்றின் வித்தியாசம் 11. ஆகவே அவற்றின் பொதுக் காரணி 1 அல்லது 11-ஆகத்தான் இருக்க முடியும். 11 இரண்டையும் வகுக்கிறது, வேலை முடிந்தது. இந்தச் சிறிய உண்மை கடைசியில் மீண்டும் தேவைப்படும்.

பகா எண்கள் தீருமா?

தீராது. யூக்ளிட் ஏறத்தாழ கி.மு. 300-இல் தந்த நியாயம் இன்றும் மாற்றமின்றிக் கற்பிக்கப்படுகிறது. உங்களிடம் உள்ள பகா எண்களை எல்லாம் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள். கிடைக்கும் எண்ணை உங்கள் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே அதன் பகாக் காரணி உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றாகவே இருக்கும். அவ்வாறு கிடைக்கும் எண்ணே பகா எண் என்று பலர் தவறாக எழுதுகிறார்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30,031; ஆனால் அது 59 × 509. யூக்ளிட் சொன்னது புதிய பகா எண் ஒன்று இருக்கும் என்பதை மட்டுமே. அந்த எண்ணே பகா எண் என்று அவர் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதற்கு அப்பாலும் பகா எண்கள் முடிவின்றித் தொடர்கின்றன.

அறிவது வேறு, பிரிப்பது வேறு

ஓர் எண் பகு எண் என்று தெரிந்துகொள்வதும் அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. 2⁶⁷ − 1 என்ற 21 இலக்க எண்ணை 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா அது பகா எண் இல்லை என்று நிறுவினார். ஆனால் ஒரு காரணியைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. 1903-இல்தான் அமெரிக்கக் கணிதவியலர் ஃபிராங்க் நெல்சன் கோல் அது 19,37,07,721 × 7,61,83,82,57,287 என்று காட்டினார். ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அவர் அமர்ந்தார் என்று சொல்லப்படுகிறது.

காரணி தெரியாமல் எப்படி நிறுவ முடிகிறது? p ஒரு பகா எண்ணாக இருந்தால், p-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் p − 1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். மீதி 1 வராவிட்டால், காரணி தெரியாமலே அது பகு எண் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவுகட்டக் கூடாது. இராமானுசன் பெயரோடு சேர்ந்து புகழ்பெற்ற 1729 = 7 × 13 × 19 பகு எண்தான்; இருந்தும் 7, 13, 19 ஆகியவற்றால் வகுபடாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1-ஐயே தரும். ஐயத்துக்கு இடமில்லாமலும், எண் எவ்வளவு பெரிதானாலும் நடைமுறை எல்லைக்குள் முடியும் வகையிலும் பகா எண்ணைக் கண்டறியும் வழிமுறையை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் தந்தார்கள். பிரிப்பதற்கு அத்தகைய வழி சாதாரணக் கணினிகளுக்கு இன்றுவரை அகப்படவில்லை. செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்ப 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையாக்கம் இந்த இடைவெளியின் மேல்தான் நிற்கிறது: இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை, பெருக்கற்பலனிலிருந்து அவற்றை மீட்பதோ பெரும்பாடு. அந்த ஆண்டில் சவாலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண் 1994-இல்தான் பிரிபட்டது.

ஒரு பயிற்சி

இறுதியாக, இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கும் ஒரு கணக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ்.எஸ். பிள்ளை 1940-இல் எழுதிய ஆய்விலிருந்து வருவது இது. அடுத்தடுத்த எண்களை வரிசையாக எடுத்தால், அவற்றுள் மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக, அதாவது 1-ஐத் தவிரப் பொதுக் காரணி எதுவும் இல்லாததாக, ஓர் எண்ணாவது இருக்குமா? 16 எண்கள் வரை எப்போதும் இருக்கும் என்று அவர் நிறுவினார். 17 எண்களில் இது பொய்த்துப்போகலாம். 2,184 முதல் 2,200 வரை உள்ள 17 எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

பதினேழு எண்களையும் முழுமையாகக் காரணிப்படுத்த வேண்டியதில்லை. இவற்றில் எந்த இரண்டின் வித்தியாசமும் 16-ஐத் தாண்டாது. ஆகவே இரண்டு எண்களுக்குப் பொதுவாக இருக்கக் கூடிய பகா எண் 13-ஐத் தாண்டாது. 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறையும் பார்த்தால் போதும், அங்கே நிறுத்திவிடலாம். இரட்டை எண்கள் ஒன்றோடொன்று 2-ஐப் பகிர்கின்றன. மிஞ்சும் எட்டு ஒற்றை எண்களில் 2,187, 2,193, 2,199 மூன்றும் 3-ஐப் பகிர்கின்றன. 2,185, 2,195 இரண்டும் 5-ஐப் பகிர்கின்றன. இன்னும் மூன்று மட்டுமே தனித்து நிற்கின்றன: 2,189, 2,191, 2,197. 2,189 = 11 × 199, அதற்குத் துணையாக மறுமுனையில் 2,200 = 11 × 200 இருக்கிறது. 2,191 = 7 × 313, அதற்கு 2,184 = 7 × 312. கடைசியாக 2,197 = 13 × 13 × 13; மேலே 13 கூட்டினால் 2,210, அது வரிசைக்கு வெளியே போய்விடுகிறது; கீழே 13 கழித்தால் 2,184, வரிசையின் முதல் எண், அதன் பகாக் காரணி வடிவம் 2³ × 3 × 7 × 13.